பிழியோ, அரியலோ, தேறலோ?

ஒரு சொல்லின் பொருளை அறிதல் வேறு. அச்சொல் குறிக்கும் வினையை அறிதல் வேறு. முன்னையது அகராதியால் முடியும். பின்னையது கலத்தையும் அடுப்பையும் கையின் பழக்கத்தையும் அறிந்தாலன்றி முடியாது. பழந்தமிழ்ப் பாட்டுக்களைப் பயிலும் மாணாக்கர்க்கு வகுப்பறைகளிற் பெரும்பாலும் முன்னையதே ஊட்டப்படுகின்றது. நறவு என்று வந்தாலும், தோப்பி என்று வந்தாலும், பிழி, அரியல், தேறல் என்று வந்தாலும், 'ஒருவகைக் கள்' என்று ஏட்டின் ஓரத்தில் எழுதுவித்துவிட்டு அடுத்த அடிக்குச் சென்றுவிடுதல் பரீட்சைக்குப் போதும். ஆனால் ஐந்து சொற்களுக்கு ஒரே பொருள் கூறும் உரை, நான்கு சொற்களைக் கொன்ற உரையாகும்.

இதனை இப்பொழுது எழுதத் தூண்டியது ஒரு கடிதம். என்னிடம் இலக்கணம் பயின்று, பின்னர்ப் பொறியியல் கற்று, இங்கிலாந்திற் குடியேறி வாழும் மாணாக்கர் ஒருவர் எழுதியிருந்தார். முளைகட்டி உலர்த்திய வாற்கோதுமையிலிருந்து தம் வீட்டிலேயே பியர் ஆக்க விரும்புகின்றாராம். கடைகளில் மூவகைக் கலத்தொகுதிகள் கிடைக்கின்றனவாம். எதனைக் கொள்வது என்பது ஒரு வினா. அம்மூன்று முறைகளையும் தமிழிற் பிரித்துச் சொல்லச் சொற்கள் உளவா என்பது மற்றொரு வினா. கள்ளின் சுவையை நாவால் அறியாத பண்டிதன் ஒருவனிடம் கலத்தைப் பற்றிக் கேட்டல் விந்தையே. எனினும், இரண்டாம் வினாவிற்கு விடை தேடப் புகுந்தபோது முதலாம் வினாவிற்கும் விடை அதனுள்ளேயே இருக்கக் கண்டேன். ஆதலின் தனிமடலில் எழுதவேண்டியதை ஈண்டுப் பொதுவில் வைக்கின்றேன்.

மேற்செல்லுமுன் ஒரு தடையை நீக்கல் வேண்டும். "ஆசிரியன் ஒருவன் மதுவாக்கும் முறையை விரித்தல் தகுமா?" என்று நண்பர் சிலர் வினவுவர். திருக்குறளிலே கள்ளுண்ணாமை என ஓர் அதிகாரம் உண்டு. அதனை யான் ஆண்டுதோறும் கற்பிக்கின்றேன். கற்பிப்பதற்கு மாறாக நடப்பவனுமல்லேன். எமது நாட்டிலே அனுமதிப்பத்திரமின்றி மதுவாக்குதல் மதுவரிச் சட்டப்படி குற்றம் என்பதையும் நேயர்கள் மறவற்க. கசிப்பினால் அழிந்த குடும்பங்களைக் காணாத கிராமம் எம்மிடையே அரிது. ஆனால் கசிப்பு என்பது காய்ச்சி ஆவியாக்கி இறக்குவது; யான் இங்கு கூறுவது தானியத்தைப் புளிக்கவைத்து அரிப்பது. இவ்விரண்டினையும் ஒன்றென மயங்குவதும் சொல்லறியாமையின் விளைவே. ஒன்றை அறிதல் அதனைப் பருகுதல் ஆகாது. நஞ்சின் இயல்பை வைத்தியன் அறிய வேண்டும். பாட்டின் இயல்பைப் பண்டிதன் அறிய வேண்டும். அறியாமையைக் காவலாக வைத்து எந்த ஒழுக்கமும் நெடுநாள் நின்றதில்லை.

சாறும் தானியமும்

யாழ்ப்பாணத்தாராகிய எமக்குக் கள் என்றவுடன் பனையும் தென்னையுமே நினைவிற்கு வரும். பாளையைச் சீவினால் வடியும் சாறு பிறக்கும்போதே இனிப்பாயுள்ளது. முட்டியில் விழுந்த அப்பொழுதே காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் அதனைப் பற்றிக்கொள்ளும். சில மணி நேரத்திற் சாறு கள்ளாகும். அதனைத் தடுப்பதற்கே முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசிக் கருப்பநீர் இறக்குகின்றோம். ஆகவே பனங்கள்ளை ஆக்குவார் எவருமிலர். அது தானே ஆகின்றது. மனிதர் செய்யக்கூடியது அதனை ஆகவிடாது தடுப்பதே.

தானியம் அவ்வாறன்று. நெல்லிலும் வாற்கோதுமையிலும் குரக்கனிலும் இருப்பது இனிப்பன்று, மாப்பொருள். மதுவம் மாப்பொருளை உண்ணாது. எனவே முதலில் மாப்பொருளை வெல்லமாக மாற்ற வேண்டும். பின்னரே மதுவம் அவ்வெல்லத்தை மதுவாக மாற்றும். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மாற்றங்கள். முதல் மாற்றத்திற்குச் சூடு வேண்டும், நொதியம் வேண்டும், நேரம் வேண்டும், பிறகு கோதை நீக்கி நீரைப் பிரிக்கும் வழி வேண்டும். இவையெல்லாம் மனித வினைகள். அதனாலேயே பழம்புலவர் இவ்வினைக்கு 'அடுதல்' என்னும் சொல்லை ஆண்டனர். அடுதல் சமைத்தல். பனஞ்சாற்றைச் சமைத்துக் கள்ளாக்குவார் உளரோ? இலர். கள்ளை 'அட்டனர்' என்று ஒரு பாட்டுக் கூறுமாயின் அக்கள் தானியத்தினின்றும் பிறந்தது எனக் கொள்ளுதல் பெரும்பான்மையும் பொருந்தும்.

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்மீது பாடிய பெரும்பாணாற்றுப்படையில் இதற்குச் சான்று உண்டு. பகைவர் நாட்டிற் புகுந்து ஆனிரை கவர்ந்த மறவர், அந்நிரையை விலையாகக் கொடுத்து நறவு கொள்கின்றனர். தம் இல்லத்திலே அட்ட தோப்பியையும் பருகுகின்றனர். நறவு விலைக்கு வந்தது. தோப்பி வீட்டில் ஆனது. இவ்வேறுபாட்டைப் புலவர் ஒரே மூச்சிற் கூறிவிடுகின்றார். தோப்பி நெல்லாற் செய்த கள் என நச்சினார்க்கினியர் தெளிவாக உரைத்தார். 1889ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அவ்வுரையோடு பத்துப்பாட்டை அச்சிட்டு வெளியிட்ட நாள்முதல் இக்குறிப்பு எல்லார் கையிலும் உள்ளது. இருந்தும் 'ஒருவகைக் கள்' என்பதே வாழ்கின்றது.

வலைஞர் வீட்டுச் செய்முறை

அதே பாட்டில், வலைஞர் குடியில் விருந்தினர் பெறும் உணவைக் கூறும் இடத்தில், புலவர் தானியக் கள்ளின் செய்முறை முழுவதையும் சில அடிகளில் அடக்கியுள்ளார். அதனை உரைநடையாற் கூறுவேன். குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கின்றனர். அதன் பெயர் துழவை. வாயகன்ற பிழா என்னும் தட்டிற் பரப்பி, ஈரம் புலர ஆற்றுகின்றனர். புற்றினுள்ளே இருக்கும் குரும்பியைப் போன்ற தோற்றமும், பூத்த புறமும் உடைய நல்ல அடையை அதனோடு கலக்கின்றனர். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிகின்றன. வலிய வாயையுடைய சாடியிலே, பச்சை வாடை நீங்க அது விளைகின்றது. விளைந்ததை விரலால் அலைத்துப் பிழிகின்றனர். சுட்ட மீனோடு விருந்தினர்க்கு வழங்குகின்றனர்.

இதனை வருணனையென்று படிப்பார்க்கு இது வருணனை. அடுப்படியை அறிந்தார்க்கு இஃது ஒழுங்கு தவறாத செய்முறை. ஒவ்வொரு படிக்கும் காரணமுண்டு. அரிசியின் மாப்பொருள் இறுகியது. வாற்கோதுமையின் மாப்பொருளினும் கூடிய சூட்டிலேயே அது நெகிழும். ஆதலின் அரிசியை முதலிற் சமைத்தேயாக வேண்டும். இன்றும் அமெரிக்காவின் பெரும் பியர்ச்சாலைகள் அரிசியைச் சேர்க்கும்போது, அதனைத் தனிக்கலத்திற் சமைத்த பின்னரே முளைதானியத்தோடு கலக்கின்றன. தட்டிற் பரப்பி ஆற்றுவதும் காரணமின்றியன்று. கொதிக்கும் களியிற் கலந்தால் நொதியமும் மதுவமும் வெந்தழியும்.

'அடை' யாது என்பதில் ஐயம் உண்டு. நெல்முளை என்பது பழைய உரைவழி. அஃதாயின் அது மோல்ற்றே. முளைத்த தானியத்தில் இருக்கும் அமைலேசு என்னும் நொதியம் மாப்பொருளை வெல்லமாக்கும். ஆனால் முளைதானியத்தின் நொதியம் விரைந்து வேலைசெய்வது 60 முதல் 70 செல்சியசு பாகை வரையான சூட்டிலாகும். புலரும்வரை ஆற்றிய களியிலே அச்சூடு இராது. நேபாளத்தில் மார்ச்சா என்றும், மணிப்பூரில் ஹமெய் என்றும் வழங்கும் அடைகளை நோக்குக. அரிசிமாவைத் தட்டி, பூஞ்சணமும் மதுவமும் அதிற் படரவிட்டு, உலர்த்தி வைப்பர். சமைத்து ஆற்றிய சோற்றில் அதனைப் பொடித்துத் தூவினால், பூஞ்சணம் மாப்பொருளை வெல்லமாக்க, மதுவம் அதனை மதுவாக்கும். அடுப்புச் சூடு வேண்டுவதில்லை. எமது கிராமத்துச் சிறுவர் புற்றாஞ்சோறு என வழங்கும் குரும்பியைக் கண்டோர், அதன் துளைபட்ட மேனியையும் மேலே வெண்மையாய்ப் பூத்த மணிகளையும் அறிவர். புலவர் உவமையும், 'பூத்த புறம்' என்ற குறிப்பும், ஆற்றிய களியும் ஒருங்கே இத்தகைய அடைக்கே பொருந்துகின்றன என்பது என் கருத்து. நெல்முளை என்ற உரையைத் தள்ளுகின்றேனல்லேன். முளையை இடித்த மாவாலேயே அடை செய்திருத்தலும் கூடும். ஆனால் இவ்வாராய்ச்சி முழுவதும் 'ஒருவகைக் கள்' என்று எழுதிய மாணாக்கனுக்கு அடைபட்ட கதவாகும்.

மூலமும் பொழிப்பும்

இனி மாணாக்கர் கேட்ட கலத்திற்கு வருவோம். இங்கிலாந்திலே வீட்டில் பியர் ஆக்குவோர் 1880ஆம் ஆண்டின் சட்டத்தால் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியவராயினர். 1963இல் அத்தேவை நீக்கப்பட்டது. தம் உபயோகத்திற்கு ஆக்கலாம், விற்கலாகாது. டேவிட் லைன் என்பவர் 1974இல் எழுதிய நூல், முழுத்தானியத்திலிருந்து பியர் ஆக்கும் முறையை ஆங்கில வீடுகளிற் பரப்பியது. அமெரிக்காவில் 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் ஒப்பமிட்ட சட்டம், அடுத்த ஆண்டு முதல், ஒருவர் வாழும் வீட்டிற்கு ஆண்டிற்கு 100 கலனும், வயதுவந்தோர் இருவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வாழும் வீட்டிற்கு 200 கலனும் தீர்வையின்றி ஆக்க இடமளித்தது.

வீட்டில் ஆக்குவோர் இருவகையினர். ஒருசாரார், தொழிற்சாலையில் முன்னரே அரித்துச் சுண்டவைத்த மோல்ற்றுப் பாகைத் தகரத்தில் வாங்கி, நீர் விட்டு, மதுவம் இடுவர். மற்றோர் தானியத்தையே வாங்கி, உடைத்து, சூட்டில் ஊறவைத்து, அரித்து, ஹொப் என்னும் கைப்புப் பூவோடு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆற்றி, மதுவம் இடுவர். முன்னையவர் பொழிப்புரையை வாங்கிப் படிப்போர். பின்னையவர் மூலத்தைக் கையில் எடுப்போர். என் மாணாக்கர் மூலத்தையே எடுக்கப் புகுந்தார் என்பதில் எனக்கு ஆசிரியனுக்குரிய மகிழ்ச்சி உண்டு. மூலத்தை எடுத்தவன் அதற்குரிய உழைப்பையும் ஏற்கவேண்டும்.

முழுத்தானிய முறையின் நடுவினை இதுவே: உடைத்த மோல்ற்றை நீரிற் கலந்து ஏறக்குறைய 66 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்தல். சூடு குறைந்து 63, 64 என நின்றால், மதுவம் முற்றும் உண்ணத்தக்க வெல்லம் மிகும். பியர் மெலிந்து வரட்சியாகும். 69, 70 எனக் கூடினால், மதுவம் உண்ண இயலாத எச்சம் மிகும். பியர் கனத்து இனிக்கும். ஆறேழு பாகைக்குள் இரண்டு வேறு பியர்கள் பிறக்கின்றன. ஆதலின் எக்கலத்தொகுதியையும் நோக்கி இரண்டு வினாக்களைத் தொடுத்தல் வேண்டும். இது சூட்டை எவ்வாறு காக்கின்றது? இது கோதினின்றும் நீரை எவ்வாறு பிரிக்கின்றது? விளம்பரத்தில் வரும் ஏனைய புகழ்ச்சிகள் இவ்விரண்டிற்கும் அடங்கியனவே.

மூன்று சொற்கள், மூன்று கலங்கள்

பிரிக்கும் வழியை நோக்கினால், பழஞ்சொற்கள் மூன்றும் வரிசையாய் வந்து நிற்கின்றன. பிழிந்து பெறுவது பிழி. அரித்துப் பெறுவது அரியல். தெளிந்து பெறுவது தேறல், தேறுதல் தெளிதல். புலவர்கள் இவற்றைப் பனங்கள்ளிற்கும் தேக்கள்ளிற்கும் கலந்து வழங்கினர் என்பது உண்மை. நிகண்டுகள் யாவற்றையும் ஒரே சூத்திரத்தில் அடுக்கின என்பதும் உண்மை. ஆயினும் பகுதிகள் மூன்றும் மூன்று வினைகள். அவ்வினைகளே இன்று மூன்று கலங்களாய் விற்பனைக்கு வந்துள்ளன.

முதலாவது பிழிமுறை. ஒரே பானை, அதனுள் ஒரு வலைத்துணிப் பை. பையினுள் மோல்ற்று ஊறும். நேரம் முடிந்ததும் பையைத் தூக்கி வடியவிட்டுப் பிழிந்தால், பானையில் எஞ்சுவதே கொதிக்கவேண்டிய நீர். அவுஸ்திரேலிய வீட்டாரிடையே 2000ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிற் பெருகிய முறை இது. வலைஞர் வீட்டு விரல்களுக்கு இது தூரத்து உறவு. செலவு குறைவு, கழுவுவது குறைவு, இடம் குறைவு. குறைகளும் உள. வேண்டிய நீர் முழுவதையும் தொடக்கத்திலேயே விடுவதால் பானை பெரிதாயிருத்தல் வேண்டும். 23 லீற்றர் பியர் வேண்டுவோர்க்கு 40 லீற்றர் கொள்ளும் பானை தேவை. 5 கிலோகிராம் மோல்ற்று நீர் குடித்தபின் ஏறக்குறைய இரட்டிப்பு நிறையாகும். அதனைச் சூட்டோடு தூக்கிப் பிடித்தல் முதுகு வலி உடையோர்க்கு ஆகாது. கப்பியும் கயிறும் வேண்டும். சூட்டைக் காப்பதற்குப் பானையைக் கம்பளியாற் சுற்றுவதே வழி. நீர் சற்றுக் கலங்கியே வரும். ஆனால் அக்கலக்கத்திற் பெரும்பகுதி கொதித்தபின்னும் புளித்தபின்னும் அடியிற் படிந்துவிடும்.

இரண்டாவது அரியல்முறை. மூன்று கலங்கள்: நீரைச் சூடாக்க ஒன்று, தானியம் ஊற ஒன்று, கொதிக்கவைக்க ஒன்று. தானியம் ஊறும் கலத்தின் அடியில் துளைத்தட்டு உண்டு. ஊறியபின் குழாயைத் திறந்தால், தானியத்தின் உமியே வடிகட்டியாய் நின்று நீரை அரித்துவிடும். அதனாலேயே மோல்ற்றை மாவாக அரைக்கலாகாது. உமி கிழியாது உடைக்கவேண்டும். மேலும் 75 பாகை அளவான வெந்நீரை மேலே தெளித்துக் கோதில் ஒட்டிய வெல்லத்தையும் கழுவி எடுப்பர். சூடு மிகுந்தாலும் அளவு மிகுந்தாலும் உமியின் துவர்ப்பும் கூடவே இறங்கும். வனபோசனத்திற்குக் குளிர்பானம் கொண்டுசெல்லும் காப்புப் பெட்டியையே பலர் ஊறுகலமாக மாற்றிக்கொள்கின்றனர். குளிரைக் காக்கும் பெட்டி சூட்டையும் காக்கும். ஒரு மணி நேரத்தில் ஓரிரு பாகையே இழக்கும். பெரிய அளவில் ஆக்குவோர்க்கும், கைவேலையில் விருப்புடையோர்க்கும் இது தக்கது. ஆனால் மூன்று கலமும் வைக்க இடம் வேண்டும். மூன்றையும் கழுவ மனம் வேண்டும்.

மூன்றாவது தேறல்முறை. ஒரே மின்கலம்; அதனுள் துளையடிக் கூடை; கீழே சூடாக்கி; பக்கத்தில் நீரை மேலேற்றித் தானியத்தினூடாக மீண்டும் மீண்டும் ஓடவிடும் பம்பி. சூட்டை ஒரு கருவி அளந்து காக்கும்; தானியப் படுக்கையினூடு பலமுறை ஓடிய நீர் தெளிந்து வரும். ஜெர்மனியின் ஸ்பைடல் நிறுவனத்தார் பிரௌமைஸ்ரர் என்ற பெயரிலும், நியூசிலாந்தார் கிறெயின்ஃபாதர் என்ற பெயரிலும் விற்பவை இவ்வகையின. சிறிய வீட்டில் வாழ்வோர்க்கும், சூட்டுமானியோடு மல்லாட நேரமில்லார்க்கும் இது பெரும் உதவி. விலையோ பையையும் பானையையும் விடப் பன்மடங்கு. கழுவும்போது பம்பியையும் குழாயையும் மறந்தால் அடுத்தமுறை புளிப்பு முந்திக்கொள்ளும்.

இவ்வகையை வாங்குவோர் தம் வீட்டு மின்னையும் நோக்குக. பிரித்தானியாவின் 230 வோல்ற்று, 13 அம்பியர் செருகியில் ஏறக்குறைய 3 கிலோவாற்று எடுக்கலாம். அமெரிக்க வீடுகளின் 120 வோல்ற்று, 15 அம்பியர்ச் சுற்றில் 1.8 கிலோவாற்றே எல்லை; அங்கு விற்கும் கலங்கள் அதனினும் சற்றுக் குறைவாகவே எடுக்கும். 27 லீற்றர் நீரை 66 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர, கணக்கின்படி 3 கிலோவாற்றில் 21 நிமிடம்; 1.6 கிலோவாற்றில் 40 நிமிடம். கலத்தினின்றும் இழக்கும் சூட்டையும் கூட்டினால் இடைவெளி இன்னும் பெருகும். ஒரே கலம், ஒரே விலை; கடலின் இக்கரையிலும் அக்கரையிலும் வேறு வேறு பொறுமை வேண்டும். கொதிக்கும் ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு லீற்றர் ஆவியாகும் என்பதும் நினைவிலிருக்கட்டும். சன்னல் திறவாத அடுக்களைச் சுவர் அதனைக் குடிக்கும்.

என் தீர்ப்பு

பிரௌமைஸ்ரர் என்னும் ஜெர்மன் சொல்லுக்குப் பியராக்கும் தொழிலின் ஆசான் என்பது பொருள். கலத்திற்கு ஆசான் என்று பெயரிட்டமை விற்பனையாளர்க்கு அழகு. ஆனால் ஆசானை விலைக்கு வாங்கலாம் என்று மாணாக்கன் நம்புவது அழகன்று. அக்கலத்தை இகழ்கின்றேனல்லேன், அதன் பெயரையே மறுக்கின்றேன். சூட்டைக் காக்கும் கருவி 66 பாகையைத் தவறாது காக்கும். 66 ஏன் என்பதை அது சொல்லாது. அதனை அறியாதவன் பியர் கனத்தபோதும் மெலிந்தபோதும் கருவியைப் பழிப்பான்.

ஆதலின் என் தீர்ப்பு இது. தொடங்குவோர் பிழிமுறையிலேயே, அதுவும் சிறிய அளவிலேயே தொடங்குக. 10 அல்லது 12 லீற்றர் கொள்ளும் அடுக்களைப் பானை ஒன்று, ஏறக்குறைய 1 கிலோகிராம் மோல்ற்று, ஒரு வலைத்துணி, ஒரு நல்ல சூட்டுமானி; இவற்றால் 5 லீற்றர் அளவு ஆகும். இவ்வளவில் நாலைந்துமுறை செய்தபின், தமக்கு இடர் தருவது எது என்று அவர் தாமே அறிவார். சூடு நிலையாமல் இடர்ப்பட்டவர் மின்கலத்தை நாடலாம். அளவு போதாமல் இடர்ப்பட்டவர் மூன்று கலங்களை நாடலாம். இடர் ஒன்றும் காணாதவர் பெரிய பானையும் பெரிய பையும் வாங்கி அமையலாம். இடரை அறியுமுன் மருந்தை வாங்குதல் நோயறியாமல் எண்ணெய் காய்ச்சுதல் போலும்.

இன்னொன்றும் கூறல் வேண்டும். தானியம் ஊறும் கலத்திற்கு ஆயிரம் யோசனை செய்வோர் புளிக்கும் சாடியை மறந்துவிடுகின்றனர். இங்கிலாந்தில் வழங்கும் பெரும்பாலான பியர் மதுவங்கள் 18 முதல் 20 பாகையளவில் இனிது தொழிற்படுவன. அதன்மேல் மிகுந்தால் காரமும் வேண்டாத மணமும் பிறக்கும். நோர்வேப் பண்ணைவீடுகளிற் பேணப்பட்டு வந்த குவைக் போன்ற மதுவங்கள் 30 பாகைக்கு மேலும் தாங்குவன, அவை விலக்கு. கொதித்து ஆறிய நீரைத் தொடும் எப்பொருளும் தூய்மையாயிருத்தல் எல்லாவற்றினும் முதன்மையானது. கலத்திற் செலவிடும் பணத்திற் பாதியைச் சாடியின் குளிர்ச்சிக்கும் தூய்மைக்கும் ஒதுக்குபவரே அறிவாளி. வலைஞர் வீட்டைப் பாடிய புலவர் அரிசிக்கும் தட்டிற்கும் அடைக்கும் இடமளித்ததோடு, சாடியின் வாய் வலியது என்பதையும் சொல்ல மறந்தாரல்லர்.

சொற்கள் மீளுமா?

இனிச் சொற்களைப் பற்றிய வினா. நொதியம், மதுவம், மாப்பொருள் எனும் சொற்களை எமது விஞ்ஞான பாடநூல்கள் முன்னரே தந்துள்ளன. எஞ்சிய சிலவற்றைப் புதிதாய்ப் புனைதல் வேண்டா. நீரில் ஊறித் துழாவப்படும் தானியக் களி துழவை. அரித்தெடுத்த இனிய நீர் அரியல். அரித்தல் அரித்தலே. எஞ்சுவது கோது. அகன்ற தட்டுப் பிழா. புளிக்கும் கலம் சாடி. புளிப்பூட்டும் கட்டி அடை. முழுவினையும் அடுதல், 'காய்ச்சுதல்' கசிப்பிற்கே உரியதாய் நிற்கட்டும். புளிக்காத இனிய நீருக்கு அரியல் எனப் பெயரிடுதல் பொருந்தாது, அது புளித்ததற்கே வழங்கியது என்று மறுப்பார் இருக்கலாம். அரிக்கப்பட்டது என்னும் வினைப்பொருள் நிற்றலின் அமையும் என்பேன். இதனினும் நல்ல சொல் தருவாருளராயின் மகிழ்ந்து ஏற்பேன்.

இது விளையாட்டன்று. கடல் கடந்து வாழும் எம்மவர் பிள்ளைகள் தமிழை வழிபாட்டிற்கும் வாழ்த்திற்கும் கல்யாண அழைப்பிற்கும் வைத்துக்கொண்டு, கையால் ஒன்றைச் செய்யும்போது வேறு மொழிக்கு மாறிவிடுகின்றனர். கைவினையினின்று நீங்கிய மொழி சடங்கின் மொழியாகும்; சடங்கும் மாறினால் அதுவும் போம். தம் அடுக்களையில் நின்று, "துழவை 66 பாகையில் நிற்கின்றது, இனி அரிக்கலாம்" என்று சொல்லக்கூடிய ஒருவர், பத்துப்பாட்டை மனப்பாடம் செய்து பொருளறியாது ஒப்புவிக்கும் பதின்மருக்கு ஒப்பாவார். அவர் ஆக்கியதை யான் பருகேன். அவர் ஆண்ட சொல்லை வாழ்த்துவேன்.

ஆசிரிய நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். பெரும்பாணாற்றுப்படையின் அவ்வடிகளை அடுத்தமுறை கற்பிக்கும்போது நாணித் தாண்டிச் செல்லற்க. துழவை, பிழா, குரும்பி, அடை, சாடி என்னும் ஐந்து சொற்களையும் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றும் எவ்வினைக்குரியது என்று மாணாக்கரையே சொல்லச் செய்க. வீட்டிலுள்ள பாட்டிமாரிடம் கூழ் துழாவும் அகப்பைக்கும், பரப்பி ஆற்றும் தட்டிற்கும், புளிக்கவைக்கும் பானைக்கும் என்ன பெயர் என்று கேட்டு வரச் சொல்க. அவர்கள் கொண்டுவரும் சொற்களுட் சில எவ்வகராதியிலும் இல்லாதனவாயிருக்கும். அவற்றை எழுதி வைத்தல் எம் கடன். அதன்பின் கள்ளுண்ணாமை அதிகாரத்தையும் எடுத்துக் கற்பிக்கலாம். எதனை விலக்குகின்றோம் என்று அறிந்து விலக்குவதே விலக்கு.